தேரியில் கால் கழுவிய கதை

இப்போது வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வருகிற பிள்ளைகள் மணலைப் போட்டோ பிடித்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். பார்க்கிறேன். மணல்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இவர்களுடைய அப்பாமார் பிறப்பதற்கு முன்பே பாலைவனம் பார்த்து வந்தவள் நான் என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை, எழுதிவைக்கிறேன். விரலை வைத்து வேதம் வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்கு எழுத்து. பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும், அவர்களுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

கப்பலேறிக் கொழும்புக்குப் போயிருக்கிறேன். மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போயிருக்கிறேன். கொழும்பில் கண்டது கடைகள், மதுரையில் கண்டது வெயில், திருவனந்தபுரத்தில் கண்டது என் வீட்டுக்காரரின் சிற்றப்பா வீட்டு அடுக்களை. பயணம் என்று மனசில் நிற்பது ஒன்றுதான். என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கத் தேரிக்குப் போனோமே, அது.

தேரி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிச் சீமையின் தெற்கில், திசையன்விளை தாண்டினால், செங்கல்லைப் பொடித்துக் கொட்டிய மாதிரி மணல் மேடுமேடாகக் கிடக்கும். காற்றடித்தால் மேடு நகரும். நேற்று வண்டி போன தடம் இன்று இருக்காது. பனையும் உடைமரமும்தான் அங்கே நிற்கத் துணிந்தவை. நாஞ்சில் நாட்டுக்காரி முதன்முதலாக அதைப் பார்த்தால், பூமியின் தோலை யாரோ உரித்துப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள்.

எங்கள் வீடு பூதப்பாண்டிக்குத் தெற்கே. வீட்டுக்குப் பின்னால் கால்வாய், முன்னால் குளம், நடுவில் கிணறு. மழைக்காலத்தில் மூன்றும் ஒன்றாகிவிடும். வாசலில் எப்போதும் தண்ணீர் வைத்திருப்போம். யார் வந்தாலும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே ஏற வேண்டும். சபைப் போதகரான ஐயராக இருந்தாலும் சரி, வாழைக்குலைக்காரனாக இருந்தாலும் சரி. கழுவாமல் ஏறினவரைப் பற்றி மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, ஒரு வாரம் பேசுவார்.

மாமி மனிதர்களைத் தண்ணீரை வைத்துத்தான் எடை போடுவார். நாத்தனாருக்கு இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது என்று மாமி எழுந்து வந்துவிட்டார். மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வீடு மேட்டில், கிணறு பள்ளத்தில். என் மகள் என்ன கழுதையா என்று அதையும் விட்டாயிற்று. பிறகு யாரும் வரவில்லை. அவளோடு ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவள் இன்னும் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். அந்த வரிசையில் மற்றவர்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகள்.

அப்போதுதான் தேரிக்காரர் வந்தார். கோட்டாற்றுச் சந்தைக்குக் கருப்பட்டி கொண்டுவருகிற வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்ப முடியாதபோது எங்கள் சபையில் பின்பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகம் இல்லாமலே எல்லாப் பாட்டையும் பாடுவார். பின்பெஞ்சிலிருந்து வருகிற குரலுக்கு முன்வரிசையில் ஒரு கழுத்து சிவப்பதை நான் கண்டேன். மாமி காணவில்லை. அவர் ஜெபத்தில் கண்ணை மூடினால் பிரசங்கம் முடிந்துதான் திறப்பார்.

அவரிடமிருந்து பெண் கேட்டு ஆள் வந்ததும் மாமி, "தேரியா? அங்க மனுசன் குடிக்கது என்னவாம்?" என்றார். ஆனாலும் வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டு வர வேறு யாரும் இல்லாததை அவரும் அறிவார்.

அன்று கால்வாய்க் கரையில் துணி துவைக்கும்போது நாத்தனார் என்னிடம் சொன்னாள்: "மைனி, இதும் தெத்திப் போச்சுன்னா பின்ன நான் யாரு முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன். அம்மையிட்ட நீங்க சொல்லாண்டாம். ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்." சொல்லிவிட்டுப் போர்வையை அடித்த அடியில் எனக்கு விஷயம் நன்றாகவே புரிந்தது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சபையில் அதே சமயம் அசனம் வந்தது. அசனம் என்றால் ஊர் முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற சபைப் பண்டிகை. அசனத்துக்குப் போகிறோம், போன இடத்தில் வீட்டையும் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டால் பெண் கூட வரலாம். இந்த யோசனை என்னுடையது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறோ ஏழோ; இங்கிலீஷ் கணக்குக்கு முப்பதை ஒட்டி வரும். கும்பப்பூ நெல் அறுத்துக் களம் ஒழிந்த கையோடு புறப்பட்டோம். மாமி, என் வீட்டுக்காரர், நாத்தனார், நான், வண்டியோட்டி. கூட ஒரு செம்புக்குடம் நிறைய எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். பாண்டித் தண்ணீர் மாமிக்கு ஒத்துக்கொள்ளாதாம். அதுவரை அவர் அதைக் குடித்ததில்லை.

அப்போது நாங்கள் மகாராஜாவின் குடிகள். ஆரல்வாய்மொழி தாண்டினால் வெள்ளைக்காரன் சீமை. அந்தப் பக்கத்து ஆட்களைப் பாண்டிக்காரர்கள் என்போம். சொல்லும்போதே மூக்கு கொஞ்சம் மேலே போகும். அவர்கள் எங்களை மேற்கத்தியார் என்பார்கள். அவர்களுடைய மூக்கையும் நான் பார்த்திருக்கிறேன். ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் வண்டியை நிறுத்திச் சோதனை போட்டார்கள். காவல்காரன் குடத்தின் வாய்த்துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்தான்.

"இது என்னதும்மா?"

"தண்ணி."

"சவுக்க தாண்டித் தண்ணிய யாரு கொண்டு போவா?"

"பாண்டிக்குப் போறவிய கொண்டு போவாவ" என்றார் மாமி.

அவன் பாண்டிக்காரன்தான் என்று பிறகு தெரிந்தது. வண்டியில் இருந்த ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்க்கச் சொல்லி, மெதுவாகப் பார்த்தான். வெயில் ஏறியது. அந்தக் குடத்தில் பாதியை நாங்கள் அங்கேயே குடித்துத் தீர்த்தோம்.

கணவாய் தாண்டியதும் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துபோனது. வயல் போயிற்று. தென்னை போயிற்று. வழியில் ஒரு சபையில் தங்கி, குடத்தில் மீதித் தண்ணீரையும் தீர்த்துவிட்டு, மறுநாள் திசையன்விளை தாண்டினோம். மணல் தொடங்கிய இடத்திலேயே சக்கரம் இறங்கிவிட்டது. மாடுகள் நின்று திரும்பி எங்களைப் பார்த்தன. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அடுப்பில் போட்டு வறுத்த மணல் மாதிரி இருந்தது. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் வழுக்கும். நாத்தனார் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் காலு சுடலியா?" என்று கேட்டேன்.

"சுடுது மைனி" என்று சொல்லி இன்னும் வேகமாக நடந்தாள்.

வீடு போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முழங்கால் வரை சிவப்புக் காலுறை போட்டது போல இருந்தது. சுற்றி ஓலை வேலி, கூட்டிப் பெருக்கிய முற்றம், கூரைக்குப் பனங்கை போட்ட நல்ல வீடு. வாசலில் ஆள் இல்லை. மாப்பிள்ளை, அந்த ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியாரை அழைக்கப் போயிருந்தார். அவருடைய அம்மா பின்கட்டில் ஏதோ இடித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வாசல் ஓரம் நிழலில், துணி மூடிய இரண்டு குடங்கள் இருந்தன. மாமி துணியை நீக்கிப் பார்த்தார். தண்ணீர். வீட்டை விட்டுப் புறப்பட்ட பிறகு முதன்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? தேரியானாலும் மரியாத தெரிஞ்ச வீடு. காலு களுவத் தண்ணி வச்சிருக்காவ."

பிறகு கழுவினார். மாமி கால் கழுவுவது என்றால் கால்வாய் ஓரத்தில் பிறந்தவர் கழுவுகிற கழுவல். முழங்காலிலிருந்து ஊற்றி, குதிகாலைத் தேய்த்து, விரல் விரலாக. அடுத்து என் வீட்டுக்காரர். அடுத்து, வண்டியோட்டிப் பெரியவர் களைத்திருக்கிறார் என்று கூப்பிட்டு அவர் காலுக்கும் ஊற்றினார். அடியில் கொஞ்சம் மிஞ்சியது. என் வீட்டுக்காரர் தாராள மனசுக்காரர். தூசி அடங்கட்டும் என்று அதை முற்றத்தில் வீசித் தெளித்தார். எனக்கும் நாத்தனாருக்கும் முறை வந்தபோது இரண்டு குடமும் காலி. ஆகையால் இந்தக் கதையில் எனக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் இருந்திருந்தால் நானும்தான் ஊற்றியிருப்பேன்.

மாப்பிள்ளையின் அம்மா சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். ஈர முற்றத்தைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த குடங்களைப் பார்த்தார். கழுவிய மூன்று பேர் கால்களையும் பார்த்தார்; அந்த ஊரிலேயே சுத்தமான கால்கள்.

"வாங்க மதினி, வாங்க" என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் ஆள் அதற்குள் இல்லை.

பனையோலைப் பட்டையில் பதநீர் கொடுத்தார்கள். நல்ல பதநீர். மாமி குடித்துவிட்டு, "குடிக்கதுக்குக் கொஞ்சம் தண்ணி" என்றார். "வரும்" என்றார் அந்த அம்மா. வரவில்லை. மறுபடியும் பதநீர் வந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அடுப்புப் புகையைக் காணோம். மாமி என் பக்கம் சாய்ந்து, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினார்.

"சீனித் தண்ணியக் குடுத்துச் சோத்துக்கு மடக்கப் பாக்காவ. வந்தவளுக்கு ஒரு டம்ளர் பச்சத்தண்ணி குடுக்க மனசில்லாத வீட்டுல எம் மவளக் குடுக்கவா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். கால்வாய்க் கரையில் போர்வையை அடித்த அன்று பார்த்த அதே பார்வை.

அதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டார். உபதேசியார் பின்னால் வருகிறாராம். அவரும் முற்றத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்தது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு இப்படிப்பட்ட சமயத்தில் பனைமரத்தை அண்ணாந்து பார்க்கிற வழக்கம் உண்டு. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியின் ரகசியம் உள்ளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"மதினி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படப்பிடாது. நாளைக்கி அசனம். ஊத்துத் தண்ணி பூராவும் ரெண்டு நாளா அசனத்துக்குத்தான் போகுது. வீட்டுக்கு இவ்வளவுன்னு முறை. வெடியக்காலம் போயி ஊத்துல குந்தி, சிரட்ட சிரட்டயாக் கோரிக் கொண்டாந்து, மண்ணு தெளியட்டும்னு வாசல்ல வச்சேன். ஒங்களுக்குச் சோறு பொங்க. குடிக்க. அம்புட்டுதான் தண்ணி."

என் வீட்டுக்காரர் தன் கால்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

மாமி தோற்றதாக ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. "வாசல்ல தண்ணி வச்சா காலு களுவத்தான் வைப்பாவ. வேற எதுக்கு வைப்பாவ? எங்க ஊருல கேட்டுப் பாருங்க" என்றார்.

"ஒங்க ஊருல சரிதான். குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு நெனச்சுப் பாத்தேன். ஒங்க பிள்ள அங்கேருந்து இங்க வந்து எப்பிடிப் பொழைக்கும்? தண்ணிக்குள்ள வளந்த பிள்ள. எம் மவன் ஆசப்பட்டான், சரின்னேன். இப்பம் எனக்குப் பயமா இருக்கு. அசனம் சாப்பிட்டுட்டுச் சந்தோசமாப் போயிட்டு வாங்க. அவங்களுக்கு நல்ல தண்ணி உள்ள ஊருல மாப்பிள்ள கெடைக்கும்."

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார் மாமி.

இரண்டு பேரும் வாழ்நாளில் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மாப்பிள்ளை இன்னும் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் எழுந்தாள். கவிழ்ந்து கிடந்த குடங்களில் ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்தாள். "மைனி, வாங்க" என்றாள். பேச்சு முடியாத வீட்டில் பெண் குடம் எடுப்பதை நான் அதுவரை கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. மாமி வாயைத் திறப்பதற்குள் அவள் வேலியைத் தாண்டிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தலையில் குடத்தோடு பெண்கள் வருகிற திசைக்கு எதிராக நடந்தால் போதும். பனைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மணலைத் தோண்டிவைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ஊற்று. சுற்றிலும் குடங்களோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடியில் ஒருத்தி தேங்காய்ச் சிரட்டையால் கோரிக்கொண்டிருந்தாள். தட்டு நிறையத் தண்ணீர் என்றுகூடச் சொல்ல முடியாது.

அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது ஊர்க்கதை பேச என்று நாத்தனார் நினைத்துவிட்டாள். எங்கள் ஊரில் குளக்கரையில் அதற்குத்தான் உட்காருவோம். அந்தப் பெண் ஏறி வந்ததும் இவள் நேராக உள்ளே இறங்கி, குளத்தில் முக்குகிற மாதிரி குடத்தைச் சாய்த்து அழுத்தினாள். ஓரத்து மணல் பொலபொலவென்று சரிந்தது. தண்ணீர் செங்குழம்பாயிற்று.

"ஏளா! ஏளா! கொடத்த எடு! அது என்ன தெப்பக்கொளமா?"

"யாரு பெத்த பிள்ள இது? எருமை எறங்குத மாதிரில்லா எறங்குது!"

"இனி இது எப்பம் தெளிய, நாம எப்பம் கோர?"

"மேக்கத்திப் பிள்ள போலுக்கு. அவங்களுக்கு வாசல்லயே ஆறு ஓடுமாம்."

"ஓடுனா அங்கயே முக்க வேண்டியதுதான! இங்க என்ன சோலி?"

சிரிப்பு. நான் மேலே நின்று, இவளை எப்படி வெளியே இழுப்பது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். நாத்தனார் குழிக்குள் செங்குழம்பில் நின்றபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"சோலி இருக்கு" என்றாள். "கருப்பட்டி யாவாரி வீட்டுல வாக்கப்படப் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"எப்பம் முடிவாச்சு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இப்பந்தான்."

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவள். கண் இமைக்காமல் சொன்னாள். அது பொய் என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். எனக்கும் அந்த நேரத்தில் ஏனோ தொண்டை வறண்டிருந்தது. தேரியில் அது சகஜம்.

அதன் பிறகு எல்லாம் மாறிவிட்டது. திட்டிய வாய்களே சொல்லிக்கொடுத்தன. "காலத் தூக்கு. ஓரமாக் குந்து. பேசாம இரு, அது ஊறும். சிரட்டய மட்டமாப் பிடி, கீள இடிக்காத." அவள் குந்தி உட்கார்ந்தாள். தண்ணீர் ஊறுகிற வரை காத்திருந்து, ஒரு சிரட்டை கோரி, மறுபடியும் காத்திருந்தாள். கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா இறந்துபோனதைக்கூட, ஏற்கெனவே தெரிந்த மாதிரி, அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். முறைக்காரிகள் விட்டுக்கொடுத்தும் அரைக்குடம்தான் தேறியது. அதற்குள் இரண்டு பெண்கள் நிறைந்த குடத்தோடு ஊருக்குள் போயிருந்தார்கள். குடம் கனத்தால் நடை தளரும் என்பார்கள். செய்தி கனத்தால் தளராது.

நாங்கள் திரும்பி வேலிக்குள் நுழைந்தபோது உபதேசியார் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வழி நெடுக இதான் பேச்சு! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம முடிச்சுட்டீங்களே!" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னார். "ஊத்தடியில பிள்ளையே சொல்லிச்சாமே. நல்ல காரியம். அம்மா, ஒங்களுக்கும் சந்தோசந்தான?" என்று மாமியிடம் திரும்பினார்.

இரண்டு தாய்மார்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி நினைத்தார், தன் காதில் விழாமல் இந்தத் தேரிக்காரி மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று. அந்த அம்மா நினைத்தார், இந்த மேற்கத்திக்காரி சொல்லித்தான் பெண் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்று. ஆளுக்கொரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் உபதேசியார் முன்னால், என் வீட்டு விஷயம் எனக்கே தெரியாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

"கர்த்தருடைய சித்தம்" என்றார் மாமி.

"எல்லாம் அவர் செயல்" என்றார் அந்த அம்மா.

"அப்ப முடிவு ஜெபம் பண்ணிருவோம்" என்றார் உபதேசியார்.

எங்கள் ஆட்களிடையே அந்த ஜெபம் ஏறத்தாழக் கல்யாணம்தான். வெற்றிலை மாற்றியவர்கள் பின்வாங்கியதைக் கண்டிருக்கிறேன். ஜெபம் பண்ணியதை மாற்றியவர்களைக் கண்டதில்லை. ஆண்டவரிடம் போய், அது ஒரு குழப்பத்தில் நடந்துவிட்டது என்று யார் சொல்வது?

எல்லோரும் முழங்கால் போட்டோம். மாப்பிள்ளையும் பனையை விட்டுவிட்டு வந்து முழங்காலில் நின்றார். உபதேசியார் ஆபிரகாமின் ஊழியக்காரன் பெண் தேடிப் போனதிலிருந்து தொடங்கினார். அந்தப் பெண் ரெபெக்காள் கிணற்றுத் துரவண்டை வந்து தண்ணீர் மொண்டதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. இந்தப் பிள்ளையும் அப்படியே மொண்டாள் என்றார். எப்படி மொண்டாள் என்று அவர் பார்க்கவில்லை. கடைசியில் ஆமென் என்றார். மாமி ஆமென் என்றார். என் வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும் சொன்னார்கள். நான் சொன்னேன். அந்த அம்மாவின் ஆமென் மட்டும் வரவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. நாத்தனார் கண்ணை இறுக மூடியபடி, செம்மண் காய்ந்த கைகளைக் கூப்பிக் காத்திருந்தாள்.

அந்த அம்மா அந்தக் கைகளைப் பார்த்ததை நான் பார்த்தேன். நானும் கண்ணை மூடவில்லை.

"ஆமென்" என்றார்.

எழுந்தார். நாங்களும் எழுந்தோம். அவர் முந்தானையை இடுப்பில் செருகினார். அதுவரை நாத்தனாரை அவர் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. ஒங்க பிள்ள, அவங்க என்றுதான்.

"ஏளா, குத்துக்கல்லாட்டம் நிக்காத. அந்த அரக்கொடத்தத் தூக்கிக்கிட்டு உள்ள வா" என்றார். "நேரமாச்சு. ஒங்க ஆளுகளுக்குச் சோறு பொங்கணும்."